விசில் மாமாவும் லாரி வராத இதயமும்

பட்டினி கிடந்தால் இதயம் தன்னைத்தானே கூட்டிப் பெருக்கிக்கொள்ளும் என்று எங்கள் குடும்பம் அப்போது முழுமனதாக நம்பியது. நம்பவைத்தவர் எங்களோடு வசித்த என் தாய்மாமா. பொன்னமராவதி வட்டாரத்தில் அவர் பகைத்துக்கொள்ளாத குப்பை கிடையாது.

பேரூராட்சி ஒன்றில் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓய்ந்தாலும் கழுத்தில் தொங்கிய விசில் ஓயவில்லை; அதனால் விசில் மாமா. என் திருமணத்தில் எல்லோரும் அட்சதை தூவக் கை ஓங்கியபோது நீளமாக ஊதினார். கெட்டிமேளம் நின்றது. தாலி ஏந்திய கை அந்தரத்தில் நின்றது.

"இம்புட்டு அரிசியையும் யாரு கூட்டுறது?" என்றார்.

தப்பிக்க வாய்த்த ஒரே நொடியை அன்று வீணாக்கிவிட்டதாக என் கணவர் இன்றும் சொல்வதுண்டு.

ஐம்பதாவது வயதில் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிவப்பு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அது இதயத்தையும் பதம் பார்க்கக்கூடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். மாமாவுக்கு அது போதும். உணவு கிடைக்காத செல், தன்னுள் சேர்ந்த கழிவைத் தானே தின்று சுத்தமாகும் என்று கைபேசியில் எங்கோ படித்துவிட்டு, எங்கள் சமையலறையைக் கைப்பற்றினார். மருந்துக்கு முன் இரண்டு நாள், பின் இரண்டு நாள், வெந்நீர் மட்டும். இட்லிப் பானைப் பக்கம் நகர்ந்தால் விசில்.

"தொடாத ஆத்தா! உள்ள கூட்டிக்கிட்டு இருக்காய்ங்க."

"பசிக்குது மாமா."

"பசிச்சாத்தான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

அன்று மாலை பேருந்து நிலையத்தில் அவர் மூன்றாவது பரோட்டாவில் இருந்ததை என் கணவர் பார்த்துவிட்டார். "என் இதயம் ஏற்கெனவே சுத்தம் மாப்ள" என்று பதில் வந்தது.

நான்காவது முறை மருந்து ஏற்றியபின் பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது, கால்கள் வீங்கின. எக்கோ பரிசோதனையில், இதயம் ரத்தத்தை இறைக்கும் பலம் குறைந்திருந்தது. என் பட்டினியைப் பற்றிக் கேட்டறிந்த டாக்டரம்மா மாமாவை எதிரே உட்காரவைத்தார்.

"கழிவை செல்லே தின்னுங்கிறது உண்மைதாங்க. ஆனா இந்த மருந்து அந்த வேலையைப் பாதியில நிறுத்திடுதுன்னு எலிங்ககிட்ட பார்த்திருக்காங்க. கழிவைப் பொட்டலம் கட்டுற வரைக்கும் நடக்கும்; அதைக் கரைக்கிற எடம் வேலை செய்யாது. பட்டினி போட்டா பொட்டலம் இன்னும் குமியலாம். மனுஷங்களுக்கு எப்படின்னு உறுதியாத் தெரியாது. அதை இவங்களை வச்சா பார்க்கிறது?"

மாமா கழுத்து விசிலைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"கூட்டிக் குமிச்சாச்சு, அள்ள லாரி வரலை. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தாங்க."

"லாரி வராத அன்னைக்குக் கூட்டச் சொல்லக் கூடாதுங்க. முப்பது வருசம் ஊருக்கெல்லாம் அதைத்தான் சொன்னேன்."

விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.  வீடு திரும்பும் பேருந்தில், தரையில் கிடந்த கடலைத் தோலுக்குக்கூட அவர் யாரையும் அதட்டவில்லை.

மருந்தை மாற்றினார்கள், இதயத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளே விசில் கட்சி மாறியது. இரண்டு மணிக்கொருமுறை தட்டோடு வந்து நிற்பார்; நான் தட்டை ஒதுக்கினால் ஊதுவார். "ஒரு வாய் மிச்சம் இருக்கு ஆத்தா. எனக்காக."

என் இதயம் பெரும்பாலும் மீண்டது. அவர் நற்சான்று வழங்கியிருந்த இதயமோ, சென்ற ஆடியில், பரோட்டாக் கடைக்குப் போகும் வழியில் நின்றுபோனது.

இறுதி ஊர்வலத்தில் தெரு நெடுகப் பூவை இறைத்தார்கள். ஊத ஆளில்லை. மறுநாள் காலை தெருமுனைவரை நானே கூட்டி, நானே அள்ளினேன். மூச்சு வாங்கவில்லை.

வீட்டில் இப்போது நானும் என் கணவரும் இருக்கிறோம்.