மச்சானுக்குக் கைதட்டப் போனேன்

கைதட்டுவது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறையாவது ஒரு வேட்பாளருக்காகப் பொறுப்பேற்றுக் கைதட்டிப் பார்க்க வேண்டும். நான் தட்டியிருக்கிறேன். என் மனைவியின் அண்ணன் தேர்தலில் தோற்றார். (அவர் எப்படியும் தோற்றிருப்பார் என்று மனைவி இப்போது சொல்கிறாள். அப்போது சொல்லவில்லை.)

பிரதேச சபைத் தேர்தல் நேரம். தொலைக்காட்சியில் பெரிய தலைவர்கள் விவாதம் செய்வதைப் பார்த்து, எங்கள் ஓலைத்தொடுவாய் இளைஞர்களுக்கும் ஆசை வந்துவிட்டது. ஊர் வேட்பாளர்கள் மூன்று பேரையும் ஒரே மேடையில் ஏற்றி, வெளிநாட்டுச் சொந்தங்களுக்காகக் கைத்தொலைபேசியில் நேரலையும் விடுவது என்று முடிவானது. சனசமூக நிலையத்தில் கதிரை அடுக்கத் தொடங்கினார்கள்.

வில்பிரட் மச்சான் ஏற்கெனவே ஒருமுறை நின்று தோற்றவர். இந்தமுறையும் தோற்றால் கடற்கரையில் தலைகாட்ட முடியாது என்று உண்மையாகவே பயந்திருந்தார். விவாதத்துக்கு முதல்நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணீரைக்கூடத் தொடாமல் என் கையைப் பிடித்தார்.

"உம்மட குரல்தான் எனக்கு வேணும்."

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாதா கோயில் ஞாயிறு பூசையில், பிரசங்கம் முடிந்ததும் ஒருவர் மன்றாட்டுக்களை வாசிப்பார். ஒவ்வொன்றின் முடிவிலும் சனங்கள் பதில் சொல்ல வேண்டும். யார் தொடங்குவது என்று எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். அந்த இடத்தில் "ஆண்டவரே" என்று முழங்கித் தொடக்கிவைப்பது நான். மிச்சத்தைக் கோயில் முடிக்கும். பல வருடமாக இதுதான் என் ஒரே பொதுப்பணி.

"நான் லேஞ்சியை எடுத்து நெத்தியைத் துடைச்சால் நீர் கைதட்டும். கோயில்ல மாதிரி நீர் தொடங்கினால் மற்றாக்களும் தட்டுவினம்," என்றார் மச்சான்.

"அவ்வளவுதானே? நீங்கள் கவலைப்படாதேங்கோ," என்றேன் நான். (எவ்வளவு நம்பிக்கை! எவ்வளவு கொழுப்பு!)

மண்டபம் நிரம்பியிருந்தது. முதலில் பேசியவர் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர். ஒரு வாக்குறுதி முடியுமுன்னே அடுத்ததை ஏற்றினார். ரோட்டு, பாலம், பாலர் பூங்கா என்று அவர் ஏற்றிய வேகத்தில், பின்வரிசையில் இருந்த மீன் வியாபாரி காசிம் நானா பழக்கதோஷத்தில் கையை உயர்த்திவிட்டார். பாலர் பூங்கா அவருக்கே விழுந்ததாக மண்டபம் சிரித்தது.

அடுத்தது மச்சான். இரவிரவாகப் பாடமாக்கிய செந்தமிழ்.

"முத்துக் குளித்த மன்னார் மண்ணே! மூச்சடக்கி வாழ்ந்த முன்னோர் மண்ணே!"

லேஞ்சி நெற்றிக்குப் போனது. தட்டினேன். மண்டபமே தட்டியது. என் மார்பு விரிந்தது.

மேடைக்கு மேலிருந்த மின்விசிறி சத்தம் மட்டும் போட்டது, காற்றை விடவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. மச்சானுக்கு வியர்வை ஊற்றத் தொடங்கியது.

"சென்ற தேர்தலில் நான் தோல்வியைத் தழுவினேன்," என்று துடைத்தார். தட்டினேன். சனமும் தட்டியது.

"என் படகு நடுக்கடலில் கவிழ்ந்தது." துடைத்தார். தட்டினேன்.

"அந்தக் கவலையிலேயே என் அருமைத் தந்தை கண்ணை மூடினார்."

அதற்கும் தட்டினேன். அவருடைய அருமைத் தந்தை என்னுடைய மாமனார் என்பது நாலைந்து தட்டு தட்டிய பிறகுதான் உறைத்தது. பெண்கள் பக்கத்தில் இருந்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கடைசியாக எழும்பியவர் பிலோமினா ரீச்சர். முன்பள்ளியில் படிப்பிப்பவர். மண்டபத்தில் பாதிப்பேருக்கு 'அ' சொல்லிக்கொடுத்தவர். சின்னப்பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்காக ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்துவது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

"எங்கட வலையை அறுக்கிற இழுவைப் படகை நான் நிப்பாட்டுவன் எண்டு சொல்ல மாட்டன். பிரதேச சபைக்கு அந்த அதிகாரம் இல்லை. எங்களால ஏலுமானதை மட்டும் சொல்லுறன்."

ஒரு வேட்பாளர் இது தன்னால் முடியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. மண்டபம் கப்சிப் என்றானது.

"பள்ளிக்கூட ரோட்டில ஒரு லைட்டும் இல்லை. பின்னேர வகுப்பு முடிஞ்சு பொம்பிளைப் பிள்ளையள் இருட்டுக்குள்ளதான் வருதுகள்."

நிறுத்தினார். என் உதடு தானாக அசைந்தது. அடக்கிக்கொண்டேன்.

"தண்ணி கொண்டுவாற பவுசர் நினைச்ச நேரந்தான் வருது. வாற அண்டைக்குத் தாய்மார் வேலைக்குப் போகேலாமல் வாளியோட நிக்கினம்."

நிறுத்தினார். அந்த அமைதியில் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. யாராவது தொடங்க வேண்டாமா?

"ஆண்டவரே!" என்றது என் குரல், ஒலிபெருக்கியே தேவையில்லாமல்.

ஐயோ என்று வாயைப் பொத்தினேன். ஆனால் ஊர் பொத்தவில்லை.

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்று மண்டபம் ஒரே குரலில் முடித்துவைத்தது.

பின்வரிசையில் காசிம் நானா, "ஆமீன்," என்றார்.

யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ரீச்சர் திகைத்து நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்.

"சேமக்காலைக்குப் போற பாதையும் மையவாடிக்குப் போற பாதையும் மழை வந்தால் தண்ணிக்குள்ள நிக்குது. செத்தாக்களைத் தோளில வைச்சுக்கொண்டு முழங்கால் தண்ணியில நடக்கிறம்."

இந்தமுறை நான் தொடங்கவில்லை. மண்டபமே தொடங்கி மண்டபமே முடித்தது. கோயிலில்கூட இந்தச் சனம் இப்படிப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. சாமியார் இருந்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். மேடையைப் பார்த்தேன். வில்பிரட் மச்சானும் கையைக் கூப்பிக்கொண்டு வாயசைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் மனைவி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஐயா செத்ததுக்குக் கைதட்டினதை நான் மன்னிக்க மாட்டன்," என்றாள் கடைசியில்.

"மற்றதை?"

"மற்றதுக்கு நானும் சேர்ந்து சொன்னனான். என்ன செய்யிறது?"

அதற்குள் பாரிசில் இருந்து அவளுடைய தங்கச்சி அழைத்துவிட்டாள். "கூட்டத்துக்கு நடுவில பூசையும் வைச்சவையோ, அக்கா? நான் இஞ்ச குசினிக்குள்ள எழும்பி நிண்டெல்லோ பதில் சொன்னனான்!"

ரீச்சர் வென்றார். மச்சான் சில மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆனால் அந்தக் கதை மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவேயில்லை. இன்றைக்கும் நான், "ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டால் போதும், குசினியில் மனைவியும் அறையில் பிள்ளைகளும் ஒரே குரலில், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்பார்கள். (தேத்தண்ணீர் வருவது வேறு விஷயம்.)

ஒருநாள் பின்னேரம் பள்ளிக்கூட ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தேன். புதிதாகப் போட்ட விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. வகுப்பு முடிந்த பிள்ளைகள் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போனார்கள். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வில்பிரட் மச்சான். என்னைப் பார்க்கவில்லை, விளக்கைத்தான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரும் மச்சான், உம்மட மன்றாட்டு எரியுது," என்றார்.

பிறகு சட்டைப்பைக்குள் இருந்து லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நான் கைதட்டினேன்.