இரண்டாம் பகுதியும் சிசிலியின் மரணச் செய்தியும்

வண்டன்மேடு,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய மச்சான் சகாயம் அவர்களுக்கு மத்தியாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம். காந்தலூரில் நீங்களும், அக்காவும், உங்கள் வீட்டில் வந்து தங்கியிருக்கும் என் மனைவி சிசிலியும் சுகமென்று நம்புகிறேன். சிசிலி சுகமாக இருப்பதை இந்த முறை ஊருக்கே தெரிவிக்க வேண்டியிருக்கிறது. காரணம் கீழே.

அவள் கோபித்துக்கொண்டு கிளம்பியதை உங்களிடம் எப்படிச் சொன்னாளோ தெரியாது. எஸ்டேட் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் ஒரு ஜெர்மானியரின் இசையைக் கேட்டு வருகிறேன். ரொமான்டிக் காலம் என்பார்கள். வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து வாசிப்பதற்காக, ஒரு பியானோவுக்கும் நான்கு தந்திக் கருவிகளுக்கும் எழுதியது. எழுதியவர் பெயர் உங்களுக்குத் தெரியாது. அவர் குடியிருந்த தெருவிலேயே அதிகம் பேருக்குத் தெரியவில்லை. அதன் இரண்டாம் பகுதி மிக மெதுவானது. தந்திகளில் கனத்த குரலுள்ள செல்லோ தனியாகப் பேசுகிறது. வயலினுக்கு அக்கா மாதிரியான வயோலா பதில் சொல்ல வந்து, சொல்லாமல் நிற்கிறது. அதுவரை வாயே திறக்காத பியானோ அப்போது ஒரே ஒரு சுரத்தை வைக்கிறது. இந்த இடத்தைச் சிசிலி கவனிக்க வேண்டுமென்று காலையும் மாலையும், நிறுத்தி நிறுத்தி, விளக்கத்தோடு போட்டுக் காட்டினேன். "எழவு வீட்டுப் பாட்டைப் போட்டுக்கிட்டு, அதுக்கு வெளக்கம் வேறயா? நா எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்களும் அந்த வயோலாவும் சமைச்சுச் சாப்பிடுங்க" என்று பையை எடுத்துவிட்டாள்.

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பலரையும் இசை கேட்க அழைத்தேன். "வர்றோம் சார்" என்றார்கள். யாரும் வரவில்லை. செவ்வாய் மதியம், அறைக்குள் எதிரொலி அதிகமாக இருந்ததால், ஸ்பீக்கரை வாசல் பக்கம் திருப்பி வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் துக்க வீட்டில்தான் ஸ்பீக்கரை வெளியே பார்த்து வைப்பார்கள் என்பது நினைவில் இல்லை. சிசிலியைச் சில நாளாகக் காணவில்லை என்பதை ஊர் கவனித்துவைத்திருந்ததும் எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தால் முற்றம் நிறைய ஆட்கள். ஒருவழியாக ரசிகர்கள் வந்துவிட்டார்கள் என்று உதட்டில் விரல் வைத்து நாற்காலிகளைக் காட்டினேன். கோயில் உபதேசியார் சூசையப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருவர் பிளாஸ்க்கில் பாலில்லாத கட்டன்காப்பி கொண்டுவந்திருந்தார். நல்ல பழக்கம் என்று நினைத்தேன். பியானோ அந்த ஒரு சுரத்தை வைத்தது. சரியாக அந்த இடத்தில் பக்கத்து வீட்டு ரோசி வாய்விட்டு அழுதாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது மச்சான். அவளுக்கு யாரும் விளக்கம் சொல்லவில்லை.

இரண்டாம் பகுதி முடிந்ததும் நான் நிறுத்தினேன். சூசையப்பன் மெதுவாகக் கேட்டார்: "சிசிலிய எங்க வச்சிருக்கீங்க?"

"காந்தலூர்ல. அவ அண்ணன் வீட்டுல."

"அப்ப அடக்கமும் அங்கதானா?"

"அடக்கமா? அவ அங்க கேரட் பிடுங்கிக்கிட்டு இருக்கா."

ரோசி எழுந்துவிட்டாள். "ஏலக்கா எடுக்கிறத விட்டுட்டு ஓடிவந்து அழுதிருக்கேன். உயிரோட இருக்கிறவளுக்கு எதுக்குய்யா இந்தப் பாட்டு?" எல்லோரும் அவள் பின்னால் எழுந்தார்கள். படியிறங்கியவள் திரும்பி, "மிச்சம் இருக்கா?" என்றாள்.

"இன்னும் ரெண்டு பகுதி இருக்கு."

"போடுங்க. வந்தாச்சுல்ல."

ஒருவரும் போகவில்லை.

ஆகவே மச்சான், துக்கச் செய்தி ஏதும் காதில் விழுந்தால் நம்பவேண்டாம். இதை இன்றைய பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன்; சிசிலியை நாளைக் காலை பஸ்ஸிலேயே அனுப்பி வையுங்கள். நேரில் பார்த்தால்தான் ஊர் நம்பும். இனி இந்த வீட்டில் அந்த இசை ஒலிக்காது. ஸ்பீக்கரைப் பரணில் ஏற்றிவிட்டேன். அவள் சத்தம் இல்லாத வீட்டில் செல்லோ கொஞ்சம் அதிகமாகவே புலம்புகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாதாவின் துணை உங்கள் வீட்டிலும் பூண்டு வயலிலும் இருக்கட்டும். அக்காவுக்கு என் தோத்திரம்.

தங்கள் அன்புள்ள,
மத்தியாஸ்

பி.கு.: சிசிலியை நாளை அனுப்பவேண்டாம். பால் வாங்கப் போனபோதுதான் பார்த்தேன், பஸ் நிற்கும் இடத்தில் செவ்வாயன்றே அவள் படமும் நம் வீட்டுக்கு அம்புக்குறியும் போட்டுக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். அவிழ்க்கச் சொன்னதற்கு, அதை அடித்துக் கொடுத்த சதீஷ், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும் சார். அன்னைக்கு மறுபடியும் பாட்டுன்னு ரோசியக்கா எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க. வர்றவங்களுக்கு எந்த வீடுன்னு தெரியணும்ல" என்கிறான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்பீக்கரை இறக்க ஆள் வருகிறது. திங்கட்கிழமைக்கு மேல் அனுப்பினால் போதும். படம் நன்றாக விழுந்திருக்கிறது, ஆனால் அதை அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.