வெல்டா கார் ஓட்டக் கூடாது என்று ஒரு விண்ணப்பம்

டன்மோர் சிட்டி, அரிசோனா
அக்டோபர் 1953

மதிப்பிற்குரிய மைத்துனர் ஆரின் அவர்களுக்கு எம்மெட் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை வெல்டாவும் கைகால் முழுசாக இருக்கிறோம். நெப்ராஸ்காவில் நீங்களும் மாடுகளும் அவ்வாறே இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

வெல்டா கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டாள். இம்மாதக் கடைசியில் லைசென்ஸ் பரீட்சை. அண்ணன் சொன்னால் கேட்பாள். தயவுசெய்து, வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

எங்கள் மூலைவீட்டை வாங்கியபோது சுற்றிலும் பருத்திக்காடு. இப்போது எங்கு பார்த்தாலும் வீடு, வீட்டுக்கு வீடு கார். வந்தவர்கள் பாதிப்பேர் நம் நெப்ராஸ்கா பக்கத்து விவசாயிகள். ஊரில் எதிரே வருகிறவனுக்கு ஸ்டீரிங்கிலிருந்து கையைத் தூக்காவிட்டால் மரியாதைக்குறைவு அல்லவா? அதை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் நாற்சந்தியில் சிக்னல் கிடையாது. இவன் கையைத் தூக்குகிறான், நம்மைப் போகச் சொல்கிறான் என்று அவன் நினைக்கிறான். அவனும் தூக்குகிறான், இவனும் அப்படியே நினைக்கிறான். அப்புறம் டமார்! போன வாரம் ஒருத்தன் இன்னொருத்தன் மேல மோதி, காரோட எங்க ரோஜாச்செடி மேலயே வந்து நின்னான். "ஏன்யா, எதிர்ல வர்றவன் கண்ணுக்குத் தெரியலையா?"ன்னேன். "தெரிஞ்சுதுங்க, அதனாலதான் கையத் தூக்குனேன்"கிறான். வெல்டா ரெண்டு பேரையும் உட்காரவெச்சு காபியும் ஆப்பிள் கேக்கும் குடுத்தா. ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர்னு தெரிஞ்சு கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. செடி போனது போனதுதான். ஒரு சிக்னல் வைங்கன்னு நகராட்சியில போய்க் கேட்டா, "யாராவது செத்தாங்களா?"ன்னு கேட்கிறான். இல்லைன்னேன். "அப்ப கொஞ்சம் பொறுங்க"ன்னுட்டான்.

அலுத்துப்போச்சு மச்சான். இப்பல்லாம் டமார்னு கேட்டாலும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதில்லை. ஆனா உள்ளே இருக்கிறது வெல்டாவா இருந்தா? பிள்ளைகுட்டி இல்லாதவன், அவளை விட்டா எனக்கு யாரு? சொல்லிப் பார்த்தேன். "நீங்க ஓட்டலையா?"ன்னா. "நான் ஆம்பளை"ன்னேன். "இங்க வந்து மோதுறது பூரா ஆம்பளைங்கதான், காபி ஊத்துறவளுக்குத் தெரியாதா?"ங்கிறா.

அண்ணியாருக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நோய்நொடியின்றி, முக்கியமாக ரோட்டோரமாக, நடந்து வளரட்டும்.

இப்படிக்கு,
எம்மெட்

பி.கு.: இதைத் தபாலில் போட, பத்திரம் என்று நடந்தே போனேன். பின்பக்கமாக வந்த ஒரு கார் என் காலை ஒடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு எங்கள் காரை ஓட்டிவந்தது வெல்டாதான். வழி பூராவும் அழுதாள், ஆனால் எங்கேயும் உரசக்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், பயமே வரவில்லை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். கார்ச்சாவி இப்போது அவள் கைப்பையில் இருக்கிறது. நானும் திருப்பிக் கேட்கவில்லை.