என் பெயரில் ஒரு கணக்கு

இந்தக் காசு கமீலாவுக்குத் தெரியாமல் என் கைக்கு வரவேண்டும் என்று முடிவெடுத்தேன். கமீலா என் மனைவி. அவளுக்குத் தெரியாமல் எங்கள் வீட்டில் பல்லிகூடச் சத்தமிடாது.

கொழும்புக் கொம்பனி ஒன்றின் விளம்பரத்தைக் கல்முனையில் ஒரு மதிலில் எழுதியதற்காக எனக்குச் செக் வந்திருந்தது. அடுத்த வீட்டு நிப்றாஸ் தன் பைக்கை விற்கப் போகிறான். கமீலாவுக்கோ சமைக்கிற குசினியின் கூரைக்குப் புது ஓடு வேண்டும். ஊரார் பெயர்களையெல்லாம் பலகையில் எழுதுகிறவன் நான். என் பெயரில் ஒரு பொருளும் இல்லை. வீடு கமீலாவின் சீதனம். கோழிகள்கூட அவளுடைய உம்மா கொடுத்தவை. பைக்காவது என் பெயரில் இருக்கட்டும் என்று பார்த்தேன்.

வங்கியில் றிஸ்மி என்ற தம்பி செக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூலையில் சாய்வாக இரண்டு கோடுகள் இருந்தன. கோடு நேராக விழுந்திருக்கிறதே என்று நானும் மெச்சியிருந்தேன். கோடு போட்ட செக்குக்குக் கையில் காசு தரமாட்டார்களாம். கணக்கில்தான் போடவேண்டுமாம். எனக்குக் கணக்கு இல்லை. திறக்கலாம் என்றான். அடையாள அட்டையும், அதிலுள்ள விலாசத்துக்கு வரும் கரண்ட் பில்லும் வேண்டும். பில் வேறொருவர் பெயரில் இருந்தால் அவர் கையெழுத்து வைக்கவேண்டும்.

கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். நானும் மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு வந்தேன். அட்டையில் மட்டும் விலாசத்தை மாற்றவில்லை. ஆம்பிளைக்கு விலாசம் உம்மா வீடுதான் என்று ஒரு வீறாப்பு. அந்த உம்மா வீடு இப்போது என் தங்கை நபீலாவின் சீதனம்.

மருதமுனைக்குப் போனேன்.

“என்னத்துக்கு காக்கா பில்லு?” என்று தங்கை கேட்டாள்.

“ஒரு அலுவல்.”

“மதினிக்குத் தெரியுமா?”

“தெரியா. தெரியவும் தேவல்ல.”

“நான் ஏன் சொல்லப்போறன்” என்று வங்கிப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுத் தந்தாள். திரும்பும் வழியில் நான் பாண்டிருப்பைத் தாண்டுமுன் கமீலாவுக்குப் போனில் சொல்லிவிட்டாள்.

நான் வங்கிக்குள் நுழைந்தபோது கமீலா உள்ளே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். மாதர் சங்கத்துக் கணக்கு அங்கேதான். எல்லோரும் அவளை அக்கா முறையில் ராத்தா, ராத்தா என்றார்கள்.

“வாங்க. கணக்குத் திறக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்டு நிண்டா நல்லமெண்டு வந்தன்” என்றாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கூட்டுக் கணக்காத் திறப்பமா ராத்தா?” என்று றிஸ்மி கேட்டான்.

“என்னத்துக்கு? அவர்ர காசு. அவர்ர பேர்லயே திறங்க தம்பி.”

இவளையா ஏமாற்றப் பார்த்தேன் என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும், போகிற வழியில் நிப்றாஸிடம் பைக்கை வேறு யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லிவைத்தேன்.

செக் மாறிக் காசு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அந்தச் செய்தி போனுக்கு வந்த நேரம் நான் ஜும்மாவில் இருந்தேன். போன் வீட்டில் இருந்தது.

தொழுதுவிட்டு வந்தால் குசினிக்கு மேலே வானம் தெரிந்தது. பாண்டிருப்பில் தச்சுவேலை செய்யும் ஓடாவி குணம் கூரை வளைமரத்தில் குந்திக்கொண்டு கடைசி ஓட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன கமீலா இது?”

“குணத்துக்கு இண்டைக்குத்தான் நேரமாம். ஜும்மாவுக்குப் போகாத ஆள்தானே.”

“புது ஓட்டுக்குக் காசு?”

“வந்திட்டாமே. போன் சொன்னிச்சி.”

“அது என்ர கணக்கு.”

“ஓம், ஒங்கட கணக்குத்தான். நான் தொடுவனா? நீங்களே எடுத்துக் குடுங்க.”

குணம் மேலேயிருந்து கடல்பக்கம் கையைக் காட்டினார். அங்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கீழே திறந்த அடுப்பில் சோறு கொதித்தது.

வங்கி மூட அதிக நேரம் இல்லை. நிப்றாஸ்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனான். பின்னால் இருந்து போவதற்கு அது நல்ல பைக்தான்.