மலையை இடமாகச் சுற்றிய ரயில்

வாழ்நாளில் ஒரு தடவையாவது என் வீட்டில் என் பேச்சு நடக்க வேண்டும் என்று தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம் முடிவெடுத்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது.

விஷயம் ஒரு ரயில். நான் லாட்ஜில் ராத்திரி வேலைக்காரன். ஊருக்கு வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்க வேண்டும், போகிறவர்களிடம் வாங்க வேண்டும். பதினெட்டு வருஷமாக எல்லோரும் எங்கேயோ போகிறார்கள். நான் சாவியோடு உட்கார்ந்திருக்கிறேன். நாலு மாதம் தங்கிய ஜெர்மன்காரர் ஒருவர், கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்தால் மனசுக்குள் ரயில்தான் ஓடுகிறது, இனி இந்தப் பற்று வேண்டாம் என்று ஒரு பெட்டியை என் கையில் திணித்துவிட்டு ஊருக்குப் போனார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு என்ஜின், மூன்று பெட்டிகள், தண்டவாளத் துண்டுகள், கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் கறுப்புப் பெட்டி. அவர் விட்ட பற்று என்னைப் பிடித்துக்கொண்டது.

ரயில் ஓட இடம் வேண்டுமே. வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு பக்கத்து அறை. அதன் மேல் என் மனைவி தனத்துக்கு இரண்டு வருஷமாக ஒரு கண். தையல் மெஷினை அங்கே போட்டு ஜாக்கெட் தைக்க வேண்டுமாம். தரையில் உட்கார்ந்து துணி வெட்டி முதுகு போய்விட்டதாம். கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்பேன். எங்கள் வீட்டில் நான் "பாக்கலாம்" என்றால் அதற்குப் பயந்துவிட்டேன் என்று அர்த்தம். அவள் "பாக்கலாம்" என்றால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது என்று அர்த்தம்.

பகலில் தூக்கம் வராதவனுக்கு யோசனைக்குக் குறைச்சலில்லை. பெரிய மேஜை செய்து, தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டி, நடுவில் நம் மலையையே வைத்துவிட்டால்? அண்ணாமலையாரைத் தூக்கி வைத்துவிட்டுத் தையல் மெஷினைப் போட எவளுக்கு மனசு வரும்? திட்டத்தின் அழகில் எனக்கே கண் கலங்கியது.

பலகையை அறுக்க ஆரம்பித்ததுமே தனம் வந்து நின்றாள்.

"என்னாங்க இது?"

"நடுவுல மலை வைக்கப் போறேன். சுத்தி ரயிலு கிரிவலம் போவும்."

கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நல்ல காரியம்தான். மேஜைய இன்னும் நாலு வெரல் ஒசத்துங்க."

"எதுக்கு?"

"குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு புடிச்சுக்கப் போவுது."

நெகிழ்ந்துபோனேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இடுப்பு வலியைப் பற்றி அவள் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு தினம் ஒரு அக்கறை. பலகையை நன்றாக இழைக்கச் சொன்னாள், சிலாம்பு குத்துமாம். ட்யூப் லைட்டை மேஜைக்கு நேர் மேலே மாட்டச் சொன்னாள். பிளக் ஒன்று போதும் என்றேன். ரெண்டா வைங்க, ஜாஸ்தியா இருந்தா கெட்டா போவுது என்றாள். தண்டவாளத்துக்கு ஆணி மட்டும் அடிக்கக் கூடாது, பலகை பாழாகிவிடும் என்றாள். எல்லாவற்றையும் செய்தேன். இப்படி ஒரு துணை அமைய என்ன தவம் செய்தேனோ என்று லாட்ஜில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து மலை செய்தேன். அஷ்ட லிங்கத்துக்கு எட்டுக் கூழாங்கல், எட்டு ஸ்டேஷன். எம லிங்கத்தில் மட்டும் வண்டி நிற்காது. நம் ஆட்கள் யாரும் அங்கே இறங்க வேண்டாமே.

ஆவணிப் பௌர்ணமியன்று திறப்பு விழா. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு திரௌபதி அக்கா வந்திருந்தார். குமிழைத் திருப்பினேன். ரயில் கிளம்பியது. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக நானும் எங்கேயோ கிளம்பிவிட்ட மாதிரி இருந்தது. பாதிச் சுற்று கூட முடியவில்லை. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா தம்பி, மலைய இடமா சுத்துது?"

பார்த்தேன். வெளியே ஊரே மலையை வலமாகச் சுற்றிக்கொண்டிருக்கிற நாளில், என் வண்டி மட்டும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. என்ஜினைத் தூக்கித் திருப்பி வைத்தேன். அப்போதும் இடமாகவே, பின்பக்கமாக ஓடியது. குமிழை மறுபக்கம் திருப்பிய பிறகுதான் புத்தி வந்து வலமாகப் போனது. அதற்குள் தனத்தின் முகம் மாறிவிட்டது.

பொம்மைதானே என்று நான் சொல்லியிருக்கலாம். பொம்மை என்றால் மலை வெறும் காகிதக் கூழ், அறை அவளுக்கு. அதனால், சாமி இதையெல்லாம் மன்னித்துவிடும் என்றேன்.

"அப்ப இது சாமிதான்?"

"சாமிதான்."

"அக்கா, நீங்களும் கேட்டுக்குங்க." என் பக்கம் திரும்பினாள். "சாமிய பாத்ரூம் செவுத்த ஒட்டி வைக்கலாமாங்க?"

அந்த அறைக்கு அடுத்தது பாத்ரூம். வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகப் பார்ப்பது போல எல்லோரும் சுவரைப் பார்த்தோம். அக்கா காதைப் பொத்திக்கொண்டு, ஈசான மூலைக்குக் கொண்டுபோங்க தம்பி, குடும்பத்துக்கு ஆவாது என்றார். எங்கள் வீட்டு ஈசான மூலையில் இருப்பது ஒன்றரை அடி பூஜை அலமாரி.

மலை அங்கே போனது. ரயிலாவது இங்கே இருக்கட்டுமே என்றேன்.

"மலை இல்லாம அது எதைங்க சுத்தும்?" என்றாள்.

ஆணி அடிக்காத தண்டவாளம் அஞ்சு நிமிஷத்தில் கழன்று அட்டைப்பெட்டிக்குள் போனது. என்ஜின் மட்டும் நெற்றியில் குங்குமத்தோடு மலைக்கு முன்னால் நின்றது. குளிக்காமல் தொடக் கூடாது. குளித்துவிட்டு வந்தால், விளக்கு எரியும்போது என்ன விளையாட்டு என்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது அந்த அறையை எட்டிப் பார்த்தேன். மூலையில் தையல் மெஷின். ஒரு பிளக்கில் இஸ்திரிப் பெட்டி, இன்னொன்றில் மின்விசிறி. வழவழப்பான பலகையில் திரௌபதி அக்காவின் ஜாக்கெட் துணி. நேர் மேலே ட்யூப் லைட் எரிய, அதை நிமிர்ந்து நின்று வெட்டிக்கொண்டிருந்தாள் தனம். மனசு கேட்காமல், மேஜை சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டுவைத்தேன்.

கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள்.

"இடுப்பே புடிக்கலைங்க."