அதிகாலை அடிகளின் அமைதித் தண்ணீர்

காலை ஆறு மணிக்கே அதிகாலை அடிகளின் மண்டபத்தில் நிற்க இடமில்லை. அவர் நாலு மணிக்கு எழுந்து மூச்சு ஊதிய தண்ணீரில் ஒரு டம்ளர் குடித்து, பத்து நிமிடம் கண்மூடி உட்கார்ந்தால் நாள் முழுக்க மனம் அலைபாயாதாம். மாமியார் தொல்லை, மேலதிகாரி தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளர். காணிக்கை மட்டும் தனித்தனி.

வரிசையில் முதல் ஆள் பஸ் டிரைவர். ரத்த அழுத்தக்காரர். "அமைதி வந்த உடம்புக்கு மாத்திரை எதுக்கு?" என்று அடிகள் கேட்டதிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போகிறவர், தலைசுற்றலையும் அருள் என்றே நினைத்தார்.

மண்டபத்தைக் கூட்டித் துடைப்பது டிரைவரின் மனைவி. அவள் நாலரைக்கு வரும்போது அடிகள் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். ஐந்தே முக்காலுக்கு எழுந்து, குடத்துக்கு நேராக ஒரு கொட்டாவி விட்டு, பட்டுத்துணியால் அதன் வாயைக் கட்டுவார். மூச்சு ஊதுவது அவ்வளவுதான்.

"என்னங்க, அவர் தூங்குறாருங்க."

"அது யோகம்."

"குறட்டை விடுறாரே?"

"அது மந்திரம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது.

மறுநாள் வழக்கம்போல அடிகள் முதல் மிடறு குடித்தார். "இன்னைக்குச் சக்தி கொஞ்சம் தூக்கல்." எல்லோரும் குடித்தார்கள், கண்மூடினார்கள். "உள்ளங்கால் வரைக்கும் குளுகுளுன்னு இருக்கு சாமி," என்றார் டிரைவர்.

அவள் உள்ளேயிருந்து பட்டுத்துணி கட்டிய குடத்தைத் தூக்கிவந்து நடுவில் வைத்தாள். முடிச்சு அவிழவில்லை.

"சாமி ஊதினது இது. நீங்க குடிச்சது, நான் வாசல் குழாயில பிடிச்ச தண்ணி."

அடிகள் அசரவில்லை. "என் பார்வை பட்டாலே போதும்மா."

"அப்ப அந்தக் குழாயை ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க சாமி. ஊரே சும்மா குடிக்கட்டும்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். சிரிப்பு முன்வரிசைக்கு வருவதற்குள் அடிகள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்.

"அப்ப எனக்கு வந்த அமைதி?" என்று கேட்டார் டிரைவர், பாவம்.

"பத்து நிமிஷம் போனைத் தொடாம உட்கார்ந்தீங்களே, அதுதான். நாளையிலேருந்து வீட்டுலயே உட்காருங்க. இப்ப இதைப் போடுங்க."

மடியிலிருந்து மாத்திரையை எடுத்து நீட்டினாள். குழாய்த் தண்ணீரில் அது சுலபமாகவே இறங்கியது.

அடிகள் இப்போது வேறு தெருவில் கடை விரித்திருக்கிறார். சீக்கிரம் எழுங்கள், தண்ணீர் குடியுங்கள், அமைதியாக உட்காருங்கள், யார் வேண்டாம் என்றது? எழும்போது மூளையையும் கூடவே எழுப்பிவிடுங்கள்.