பதினான்கு பிடி

இதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஜீனா சொன்னதையும் அவள் மாமியார் ரத்னபாய் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இருவரும் எதையும் ஒரே மாதிரி சொன்னதில்லை. ஆனால் தொடக்கம் மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஜின்சி டப்பாவைக் கையில் தூக்கிப் பார்த்தாள். அரிசியைத் தன் பையில் கொட்டிக்கொண்டு போனாள்.

கொல்லயில் ஊரில் அவர்களுடைய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த வீடுகளில் சமையலறை மூலையில் ஒரு டப்பா இருக்கும். உலையில் போட அரிசி அளக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போடுவார்கள். சபைக்குக் காணிக்கையான இதற்குப் பிடியரிசி என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலம் பெண்கள் சங்கத்திலிருந்து ஜின்சி வந்து வாங்கிக்கொண்டு போவாள். ரத்னபாயின் வீட்டில் நாளுக்கு இரண்டு உலை, வாரத்துக்குப் பதினான்கு பிடி. அந்தச் சனிக்கிழமை டப்பாவில் இரண்டு பிடிதான் இருந்தது.

“பிள்ளே, வீட்டில ஒரு குறைவும் இல்ல கேட்டியா,” என்றாள் ரத்னபாய், படியிறங்கும் ஜின்சியின் முதுகைப் பார்த்து.

“செரி சித்தி,” என்றாள் ஜின்சி. அவ்வளவுதான்.

ரத்னபாய் வெகுநேரம் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து மருமகளைப் பார்த்தாள்.

“போச்சு. இந்த வீட்டில கஞ்சிக்கு வழியில்லாம ஆச்சுண்ணு நாளைக்கு சபை முழுக்கத் தெரியும்.”

“ரெண்டு தடவதான சோறு வச்சோம் மாமி. ரெண்டு பிடிதான வரும்?”

“அது எனக்குத் தெரியும். அரிசிக்குத் தெரியுமா?”



அவள் திருவனந்தபுரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். நான்கு மணிக்கு எழுந்து, மூன்று பேருக்கும் மூன்று வேளைக்கும் செய்து வைத்துவிட்டு, பாறசாலையில் ரயில் பிடிப்பாள். ஜனவரியில் ஒருநாள் பிளாட்பாரத்திலேயே மயங்கி விழுந்தாள். “காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று டாக்டர் கேட்டார். புருஷன் விபின் தின்றது இடியாப்பம், மாமியார் தின்றது பழங்கஞ்சி, இதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது. தான் என்ன தின்றோம் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

“நீ வேலைய விடு,” என்றான் விபின். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னான்.

“ஒரு மாசம் தாருங்க. நான் வேற வழி பாக்கியேன். செரியாவலேண்ணா எழுதிக் குடுத்திட்டு வாறேன்.”

அந்த வேறு வழியைச் சொல்லிக்கொடுத்தவள் கூட வேலை பார்க்கும் சுமி. ஞாயிறும் புதனும் மட்டும் அடுப்பு. சோறு, அவித்த மரச்சீனிக் கிழங்கு, வேகவைத்த பயறு, மசாலா புரட்டிய சாளை மீன், அரைத்த தேங்காய் என்று எல்லாவற்றையும் தனித்தனிப் பெட்டிகளில் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். இன்ன வேளைக்கு இன்னது என்று கிடையாது. பசிக்கிறபோது, பசிக்கிற அளவுக்கு, உடம்பு எதைக் கேட்கிறதோ அதை எடுத்துச் சூடாக்கித் தின்ன வேண்டும்.

முதல் வாரம் செவ்வாய்க்கிழமை, ரயில் பாலராமபுரம் தாண்டும்போது ஜீனாவுக்குப் பசித்தது. அது பசிதான் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமானது. பெட்டியைத் திறந்து பயறைத் தின்றாள். கண் நிறைந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விபின் விஷயம் வேறு. அலுமினியக் கதவு செய்கிற கடையை மூடிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தவன், குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

“அம்மா, எனக்குப் பசிக்குதா?”

“எனக்கிட்ட கேட்டா? ஒனக்க உடம்புக்கிட்ட கேளு. அதாக்கும் இப்போ சட்டம்.”

“கேட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது.”

“ஒண்ணரை ஆச்சா?”

“ஆச்சு.”

“அப்போ பசிக்கும். தின்னு.”

இப்படியெல்லாம் இருந்தும் அந்த வாரம் நன்றாகவே போனது. ஜீனா ஐந்தரைக்கு எழுந்தாள். விபின்கூட அவள் முகத்தில் ரத்தம் ஓடுகிறது என்றான். ஜின்சி வந்து டப்பாவைத் தூக்கிப் பார்த்தது அந்த வாரக் கடைசியில்தான்.

ரத்னபாய் அன்றைக்கு ஒன்றும் தின்னவில்லை. உடம்பு கேட்கவில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜீனா ஒரு தீர்வு கண்டுபிடித்தாள். அரிசிப் பானையிலிருந்து பன்னிரண்டு பிடியை வரிசையாக எடுத்து டப்பாவில் போட்டாள். பன்னிரண்டாவது பிடி விழும்போது ரத்னபாய் உள்ளே வந்தாள்.

“என்ன செய்யுத?”

“குறையுள்ளத போட்டேன் மாமி. இனி ரெண்டு உலையும் வச்சா பதினாலு ஆவும்.”

ரத்னபாய் டப்பாவைப் பார்த்தாள்.

“கொதிக்காத உலைக்குப் பிடியரிசியா? நம்ம திங்கியதுல இருந்து ஒரு பிடி குறச்சுக் குடுக்கியதாக்கும் காணிக்கை. இது கள்ளக் காணிக்கை மக்ளே.”

ஒவ்வொரு பிடியாக எண்ணித் திரும்பப் பானையில் போட்டாள். எண்ணிக்கை தவறி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள்.

அன்று மத்தியானம் அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். காணிக்கை உண்மையாக இருக்க வேண்டுமென்றால் உலையும் உண்மையாக இருக்க வேண்டும். பெட்டிகளில் சோறு இருக்கும்போதே இரண்டு வேளையும் புதிதாகச் சோறு பொங்கியது. பொங்கிய சோற்றை வீணாக்குவது பாவம். ஆகவே விபின் தின்றான். பெட்டியில் இருப்பது கெட்டுப்போகக் கூடாதென்று அதையும் தின்றான்.

“ஒங்க உடம்பு கேட்டுதா?” என்றாள் ஜீனா.

“அம்மா கேட்டா.”

நான்கு நாளில் ரத்னபாயின் முழங்கால் வீங்கியது. மாமியார் நொண்டிக்கொண்டு உலை வைக்கும்போது மருமகள் படுத்துக் கிடக்க முடியுமா? ஜீனா மறுபடியும் நான்கு மணிக்கு எழுந்தாள். இப்போது பெட்டிகளும் அவள்தான் நிறைக்க வேண்டும், உலையும் அவள்தான் வைக்க வேண்டும்.

“மாமி, கொஞ்சமா வைப்போம்,” என்று கெஞ்சினாள். “ஒரு கிண்ணம் அரிசி போதும். தின்னு தீத்திரலாம்.”

ரத்னபாய் யோசித்தாள். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சின்ன உலையிலிருந்து அதே பெரிய பிடியை எடுத்தால் பானையில் அவ்வளவாக எதுவும் மிஞ்சாது. கையைச் சுருக்கிப் பாதிப் பிடி எடுத்தாள். பாதிப் பிடி என்றால் பதினான்கு வருவதற்கு இருபத்தெட்டு உலை வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, நாலு மணிக் கஞ்சி ஒன்று, ராத்திரி ஒன்று என்று நாளுக்கு நான்கு உலை ஆனது. மூன்றாம் வாரம் அந்த வீட்டில் அடுப்பு அணைந்ததாக யாருக்கும் நினைவில்லை. பழக்கதோஷத்தில் ரத்னபாய் பல நேரம் முழுப்பிடியே போட்டாள்.

ஜீனா ரயிலில் நின்றுகொண்டே தூங்கினாள். பாலராமபுரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை டப்பாவின் மூடி மூடவில்லை. ரத்னபாய் இரண்டு வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக நிமிர்ந்து நின்று அதை நீட்டினாள். ஜின்சி ஒரு கையால் வாங்கப் பார்த்தாள். முடியாமல் இரண்டு கையாலும் வாங்கினாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

“ஜீனா சேச்சி எங்க?”

“உள்ள உறங்குகா.”

“இந்நேரமா?”

“நாலு மணிக்கு எழும்பினதாக்கும்.”

ஜின்சி அரிசியைப் பையில் கொட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்த கொஞ்ச நேரத்தில் போதகரும் ஜின்சியும் சங்கத்துப் பெண்கள் நான்கு பேரும் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. விபின் நாற்காலிகளை எடுத்துப் போட்டான். ஜீனா எழுதி வைத்திருந்த வேலை விடுகிற கடிதம் மேசைமேல் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தாள்.

போதகர் ஜெபித்தார். “சுமக்கிறவர்களை இளைப்பாறப் பண்ணும் ஆண்டவரே, இந்த வீட்டின்மேல் இரக்கமாயிரும்.” பெண்கள் ஆமென் என்றார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்பதில்தான் ஜீனாவும் ரத்னபாயும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஜீனா இரண்டு நிமிடம் என்றாள். ரத்னபாய் அரைமணி நேரம் என்றாள்.

“எனக்குத் தெரியும் நீங்க எதுக்கு வந்தீங்கண்ணு,” ரத்னபாய்தான் தாங்க முடியாமல் தொடங்கினாள். “ஒரு வாரம் குறஞ்சு போச்சு. சத்தியமாட்டு தரித்திரம் இல்ல. இவ புதுசா ஒரு முறை கொண்டு வந்தா. வாரத்துக்கு ரெண்டு தடவ அடுப்பு, பசிச்சா மட்டும் திங்கணும். அதுல குறஞ்சது. இப்போ எல்லாம் செரியாக்கியாச்சு. நேத்து டப்பா நிறஞ்சு இருந்துதா இல்லியா? நீயே சொல்லு பிள்ளே.”

ஜின்சி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“நிறஞ்சு இருந்துது சித்தி. அதுனாலயாக்கும் வந்தோம்.”

“என்னது?”

“இந்தப் பக்கத்துல இப்போ எந்த வீட்டிலயும் ரெண்டு மூணு பிடிக்கு மேல வராது. எல்லாரும் ஒரு தடவ வச்சு நாலு நாள் திங்கியவங்கதான். ஒங்க டப்பா மட்டும் எப்பவும் நிறஞ்சு வரும். அதைத் தூக்கும்போதெல்லாம் நெனப்பேன், உள்ள எவளோ ஒருத்தி உக்காராம நிக்கியாளேண்ணு. பதினஞ்சு வருசமா சங்கத்துல இந்த வீட்டுக்கு ஜெபம் உண்டு. மொதல்ல ஒங்க பேரச் சொல்லி. ஜீனா சேச்சி கெட்டி வந்த பொறகு அவங்க பேரச் சொல்லி. அண்ணைக்கு ரெண்டு பிடி வந்ததும், ஆண்டவர் கேட்டுட்டாருண்ணு ஸ்தோத்திரம் பண்ணினோம்.”

ரத்னபாய் நாற்காலியைத் தடவிப் பார்த்து மெல்ல உட்கார்ந்தாள்.

ஜீனா வேலையை விடவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் ஞாயிறும் புதனும் செய்ய வேண்டியவற்றை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். போதகர் மறுவருடம் வேறு சபைக்கு மாற்றலாகிப் போனார். ஜின்சி இப்போதும் சனிக்கிழமைதோறும் வருகிறாள். விபினுக்குப் பசி ஒன்றரை மணிக்குத்தான் வருகிறது. கடிகாரம் நின்றுபோன அன்று அவன் தின்னவில்லை. ரத்னபாய் மூன்று மணிவாக்கில் மரச்சீனியும் சாளையும் தின்கிறாள். அவளுக்குச் சோறு அவ்வளவாகப் பிடிக்காது என்பது அறுபத்து மூன்றாம் வயதில் தெரிந்தது.